சிரித்த முகத்தின் அளவு

வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த நாளில் முடி வெட்டிக்கொண்டு, கழுத்தில் ஒட்டிய துணுக்குகள் சட்டைக்குள் இறங்கி அரிக்க, ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடும் மனிதர் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் எதிரில் வந்து நின்றார். உள்ளே போகிற எண்ணமில்லை. லீவு நாளிலும் கடைப்பக்கம் ஒரு நடை போய், தான் இல்லாமல் கடை எப்படித் தள்ளாடுகிறது என்று பார்த்துவிட்டு வருவதில் அவருக்கு ஒரு சுகம். ஆனால் கடை தள்ளாடவில்லை. சோபாவில் மூன்று பேர் சாவகாசமாகக் காத்திருந்தார்கள். ஜன்னலோர மேஜையில், வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்த புதியவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, காலையில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ சட்டென்று வாசலில் நின்ற அட்டைப் பெண்ணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆளுயரத்துக்கு வெட்டி நிறுத்திய விளம்பரப் பெண் அவள். மூன்று வருஷமாக ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய இடுப்பு வளைவு வழியாகத் தலையை நீட்டி, ஐம்பத்தொரு வயது ஆள் சொந்த மனைவியை வேவு பார்ப்பதைத் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் வேறு யாரோடாவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தால்கூட ரேடியோ ஏதாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருப்பார். ஆனால் இது கண்ணாடி. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் மூக்கின் மேல் அவரைத் தவிர வேறு யாரும் ஒரு பிரேமை வைத்ததில்லை. உள்ளே புதியவள் குனிந்து அவள் காதுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரேடியோவுக்கு வயிற்றில் எரிந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் நன்றாகவே சாப்பிட்டிருந்தார்.

ரேடியோ என்பது கடையில் வைத்த பெயர். வாயை மூடுவதில்லை, யாரும் அணைக்கவும் முடியாது என்பதால். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய வேலை கண்ணாடியை முகத்துக்குப் பொருத்துவது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் பவர் எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றுதான்; ஆனால் அந்த லென்ஸ் கண்ணுக்கு நேராக எங்கே உட்கார வேண்டும் என்பதை ஆளை எதிரே உட்கார வைத்து, பிரேமை மாட்டிவிட்டு, கருவிழிக்கு நேராகப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரிகிற கண்ணாடி என்றால் அந்தப் புள்ளிதான் எல்லாம். வந்து உட்காருகிறவர்கள் பல் டாக்டரிடம் வந்த மாதிரி விறைத்துக்கொள்வார்கள். ரேடியோ ஒரு ஜோக் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு புள்ளிகளையும் வைத்து முடித்துவிடுவார். ‘முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன்’ என்பது அவருடைய நிரந்தர அறிவிப்பு. ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு மனுஷனுக்கு வேறு என்ன வேண்டும்? சம்பளம் வேண்டும்தான், ஆனால் அது எல்லாருக்கும் வருகிறது.

ஆறு மாசத்துக்கு முன் முதலாளியம்மா எல்லாரையும் கூப்பிட்டு, புதிதாக ஒருவர் வருகிறார், முப்பத்தைந்து வயது, இதே வேலையில் பத்து வருஷ அனுபவம், அவருக்கு ஆட்டிசம் இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார் என்று சொன்னார். ரேடியோவுக்கு மனசு இளகிவிட்டது. ஆட்டிசம் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். பாதி போனில் படித்தது, மீதி அவரே யோசித்தது. பாவம், அடுத்தவர் மனசு புரியாது. ஜோக் புரியாது. பொய் சொல்ல வராது. கல்யாணம், குழந்தை எல்லாம் கிடையாது. ஆனால் கடவுள் ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுப்பார், கணக்கில் புலியாக இருப்பார்கள். “நான் பாத்துக்கறேன்மா, கவலைப்படாதீங்க” என்று முதலாளியம்மாவிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

புதியவள் வந்த முதல் நாளே, டீ நேரத்தில், எல்லார் முன்னாலும் தன் கல்யாணத் தேதியைச் சொல்லி அது என்ன கிழமை என்று கேட்டார்.

“தெரியாது சார்” என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்து, “நீங்கதானே அங்க இருந்தீங்க?”

கடை சிரித்தது. லென்ஸ் தேய்க்கும் உள்ளறையிலிருந்து தேய்ப்பவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் ரேடியோ காரணமில்லாமல் எழுந்த முதல் பெரிய சிரிப்பு அது. அவள் அதை ஜோக்காகச் சொல்லவில்லை, தற்செயலாக விழுந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவள் டம்ளருக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை அந்த முடிவில் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே வாரம் ஒரு சாயங்காலம் ஒருவன் ஸ்கூட்டரில் ஒரு சின்னப் பெண்ணை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப் போனான். “அம்மா!” என்று அந்தக் குழந்தை கத்தியது. ரேடியோவின் பட்டியலில் இன்னொரு வரி அடிபட்டது.

ஆனாலும் அவர் கைவிடவில்லை. அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை வந்தவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார், ஏதோ இரண்டு நாட்டுத் தலைவர்கள் சந்திப்பு மாதிரி. மூன்றாம் நாள் அவள், “சார், நீங்க பேசும்போது அவங்க பேசுறது எனக்குக் கேக்கல” என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இன்னொரு நாள் அவருடைய மேஜைக்கு வந்து அவர் வேலை செய்வதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டுத்தான் புள்ளி வைக்கிறீங்க” என்றாள். ரேடியோ உச்சி குளிர்ந்துபோனார். “அது தொழில் ரகசியம்மா, வெளிய சொல்லிடாத” என்றார். “இல்ல சார், சிரிச்சா கன்னம் மேல வருது” என்று அவள் ஆரம்பித்தாள். “வரணும்மா! வந்தாத்தான் முகம்!” என்று அவர் அதையும் சிரிப்பாக்கி அனுப்பிவைத்தார். அவள் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

புள்ளி வைக்கிற நேரம் தவிர அவள் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. மூக்கைப் பார்ப்பாள், காதைப் பார்ப்பாள், கழற்றிய கண்ணாடி விட்டுப்போன சிவந்த தடத்தைப் பார்ப்பாள். ஒரு தடவை ஒரு பெரிய மனிதரிடம், “உங்க மூக்கு இடது பக்கம் கோணல்” என்று அவள் சொல்ல, அவர் எழுந்து போய்விட்டார். அன்று ரேடியோ யாருக்கும் தெரியாமல் ஒரு டீ கூடுதலாகக் குடித்தார். “எல்லார் மூக்கும் கோணல்தான் சார், அது குறையில்ல” என்று அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அந்தப் பெரிய மனிதர் பத்து நாளில் திரும்பி வந்து அவளிடமே கண்ணாடி போட்டுக்கொண்டதுதான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பதினோரு வருஷமாக அவரிடம் மட்டுமே வந்துகொண்டிருந்த பாட்டு டீச்சர் ஒருநாள் உள்ளே வந்தார். ரேடியோ காலி நாற்காலியைத் துடைத்துவிட்டு, “வாங்க டீச்சர், உங்களுக்காகத்தான் ஒரு ஜோக்கை ஒரு வாரமா காப்பாத்தி வெச்சிருக்கேன்” என்றார். டீச்சர் அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். “இல்ல, நான் கொஞ்சம் உக்காந்திருக்கேன், அவசரமில்ல” என்று சோபாவில் உட்கார்ந்து, போன மாசத்துப் பத்திரிகை ஒன்றைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். நாற்பது நிமிஷம். புதியவளின் மேஜை காலியானதும் விருட்டென்று எழுந்து போனார். ரேடியோ அந்த நாற்பது நிமிஷமும் துடைத்த பிரேமையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன ரேடியோ, இந்தப் பக்கம் யாரும் வால்யூம் வைக்கறதில்லபோல?” என்றார் தேய்ப்பவர்.

“ஆளுங்களுக்கு இப்ப மெஷின்தான் பிடிக்குது. ஏடிஎம் மாதிரி. முகம் பாக்க வேண்டாம், பேச வேண்டாம், கார்டைப் போட்டா வந்துடும்” என்றார் ரேடியோ. சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

அந்த லீவு நாளில் அட்டைப் பெண்ணின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள்.

“அக்கா எப்படி இருக்கா?”

“இருக்கா. முட்டிவலிதான். உங்களைக் கேட்டா.”

ரேடியோ அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. சுத்தமான, வழக்கமான, லேசாகச் சிரித்த முகம். கண்ணால் பார்த்திராவிட்டால் அந்த முட்டிவலிக்கு அவரே தைலம் வாங்கப் போயிருப்பார். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவர் அன்று சாயங்காலம் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, இதற்கு முன் அக்காவுக்கு எத்தனை தடவை முட்டிவலி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடை திறந்ததும் நேராகப் புதியவளின் மேஜைக்குப் போனார்.

“நேத்து யாராச்சும் தெரிஞ்சவங்க வந்தாங்களா?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“ஏன்?”

“சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க.”

“யாரு?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

பட்டியலில் இன்னொரு வரியும் ஆட்டம் கண்டது. பொய் சொல்லவும் இல்லை, உண்மையைக் கொடுக்கவும் இல்லை. அவருடைய மனைவியும் இவளும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்கு இடமில்லை. “வெளிய நின்னு பார்த்தேன்மா நான். அது என் பொண்டாட்டி” என்றார்.

“தெரிஞ்சா ஏன் கேக்கறீங்க?”

அவள் அதை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் ரேடியோவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. தலைக்கு மேல் ஏறியது. சோபாவில் ஆள் இருக்கிறது, முதலாளியம்மா பின்னால் நிற்கிறார் எல்லாம் மறந்துபோனது. சிரித்த முகம் மாறாமலேயே சொன்னார்: “ஒரு மனுஷ முகத்தை நேராப் பாக்கத் தெரியாது. அடுத்தவங்க மனசுன்னா என்னன்னு தெரியாது. உன்கிட்ட வந்து எல்லாரும் என்னத்தைத்தான் கண்டாங்களோ!”

புதியவள் கையிலிருந்த பிரேமை மேஜையில் வைத்தாள். அதன் கம்பிகளை மடித்தாள். எழுந்து உள்ளறைக்குப் போனாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பார்த்தீங்களா, உறைக்கக்கூட இல்லை என்று ரேடியோ கைகளை விரித்தார். யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய கைகள் தாமாகவே இறங்கின.

கால் மணி நேரத்தில் தேய்ப்பவர் வெளியே வந்து அவர் காதருகே குனிந்தார். “யோவ், போய்ப் பாரு. அந்தம்மா உள்ள திருகாணி டப்பாவைக் கொட்டி ஒண்ணொண்ணாப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. முகம் சும்மாத்தான் இருக்கு. கண்ணுலேருந்து தண்ணி மட்டும் ஊத்துது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

ரேடியோ போனார். தேய்ப்பவர் சொன்னது சரி. அழுகிற முகம் என்று அவர் அறிந்திருந்த எதுவும் அங்கே இல்லை: உதடு கோணவில்லை, மூக்கு விடைக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் கடுகளவு திருகாணிகளைப் பெரிதும் சிறிதுமாக ஒதுக்கிக்கொண்டிருந்தன. என்ன செய்வது என்று தெரியாதபோதெல்லாம் செய்வதையே ரேடியோ செய்யப் போனார். “ஏம்மா, இந்தத் திருகாணி எல்லாம்...”

“ஜோக் வேண்டாம் சார். இப்ப வேண்டாம்.”

வாயை மூடினார். எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். “நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு” என்றார். பொறாமை என்கிற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. அதையும் பிடித்து வெளியே இழுத்தார். “வயித்தெரிச்சல்மா. எல்லாரும் உன்கிட்ட வர்றாங்க. அவளும் வந்துட்டா.”

அவள் திருகாணிகளைப் பார்த்தபடியே சொன்னாள்: “எனக்கு உங்க முகம் புரியறதில்ல சார். கோவமா இருந்தாலும் சிரிக்கிறீங்க, சும்மா இருந்தாலும் சிரிக்கிறீங்க. இன்னைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க. புரியாதது எனக்கு மட்டும்னு நினைச்சேன். வர்றவங்களுக்கும் புரியல. அதான் என்கிட்ட திரும்ப வர்றாங்க.”

“எதுக்குத் திரும்ப வர்றாங்க?”

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கட்டு வாடிக்கையாளர் அட்டைகளை எடுத்து வந்தாள். எல்லாம் அவர் கையெழுத்து. “இதெல்லாம் திரும்பி வந்தவங்க. எல்லாருக்கும் புள்ளி கீழ இருக்கு. ரெண்டு மூணு மில்லிமீட்டர். வேற ஒரு தப்பும் இல்ல. சிரிச்சா கன்னம் பிரேமைத் தூக்குது. நீங்க அப்பப் புள்ளி வைக்கிறீங்க. வீட்டுக்குப் போய்ச் சிரிக்காம இருக்கும்போது பிரேம் இறங்கிடுது. லென்ஸ்ல படிக்கிற இடம் இன்னும் கீழ போயிடுது. படிக்கணும்னா முகவாயைத் தூக்கணும். கழுத்து வலிக்கும்.”

“எனக்கு ஏம்மா சொல்லல?”

“முதல் வாரமே சொன்னேனே.”

ரேடியோவுக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே சப்பிக்கொண்டிருந்தாரே! “சரி, அவங்க ஏன் சொல்லல? பதினோரு வருஷமா வர்றாங்க பாட்டு டீச்சர்.”

“சொல்லத்தான் வந்திருப்பாங்க. நீங்க சிரிக்க வெச்சு அனுப்பியிருப்பீங்க. உங்களைப் பிடிக்கும் சார் அவங்களுக்கு. அதனாலதான் சொல்லல.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீங்க மன்னிப்பு கேட்டது சரி. ஆனா எனக்கு இது சரியாக நாளாகும்.”

“ஆகட்டும்மா” என்றார் ரேடியோ. அட்டைகளை அவரே அலமாரியில் திருப்பி வைத்தார். முதலாளியம்மா வெளியே காத்திருந்தார். சோபாவிலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி அவர் பேசியதை, இவர் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மனைவி புத்தகம் படிப்பதை நினைத்துப் பார்த்தார். முகவாயைத் தூக்கி, இமையைத் தாழ்த்தி, உலகத்தையே கீழே பார்ப்பது போல. நாலு வருஷமாக அவர் அதைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார். மகாராணி என்பார், சிம்மாசனம் கொண்டு வரவா என்பார். அவளும் சிரிப்பாள். சிரித்தால் கன்னம் ஏறும், பிரேம் தூக்கும், எழுத்து தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்கு எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

மனைவி பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது.

“என்னங்க, சீக்கிரம்?”

“நேத்து கடையில உன்னைப் பார்த்தேன்.”

ஊசி நின்றது. அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. “அதே பிரேம், அதே கலர்லதான் சொல்லியிருக்கேன்” என்றாள் மெல்ல. “வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பழசுன்னே நினைச்சுப்பீங்க.”

“கழுத்து வலிச்சுதா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“நாலு வருஷம்.”

அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் வரும்போதே அது நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்தது. “அவகிட்ட என்ன பேசின?”

“ஒண்ணும் பேசல. அவளும் பேசல. அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நல்லா இருந்துச்சு. அவ என் முகத்துல என்ன இருக்குன்னு தேடல. நானும் முகத்தை எதுவும் பண்ணாம சும்மா வெச்சிருந்தேன். உங்க எதிர்ல உக்காந்தா நான் சிரிச்சாகணும். நான் சிரிக்கலன்னா உங்க முகம் எப்படிச் சுண்டிப்போகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.”

ரேடியோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கடையில் சரியான அளவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இன்னொரு புள்ளிக்கு எந்தத் தேவையும் இல்லை. “நேரா உக்காரு” என்றார். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். அவர் குனிந்து தன் கண்ணை அவள் கண் உயரத்துக்குக் கொண்டுவந்தார். உடனே அவள் கன்னங்கள் ஏறின.

“சிரிக்காத.”

“நான் சிரிக்கலையே.”

“சிரிக்கிற.”

அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அவருடைய நாக்கின் நுனியில் ஒன்று தயாராக வந்து நின்றது, நல்ல ஒன்று. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினார். காத்திருந்தார். தெருவில் யாரோ கேட்டைச் சாத்தினார்கள். அவள் உதடு முதலில் இறங்கியது. பிறகு கன்னம், ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் கொஞ்சம் தயங்கியும். பிரேம் மூக்கின் மேல் மெல்ல வழுக்கி வந்து நின்றது. வாயின் இரண்டு ஓரங்களிலும் அவர் பார்த்தேயிராத இரண்டு கோடுகள் தெரிந்தன. கோபமா, அலுப்பா, வெறுமனே ஒரு முகமா, அவருக்குத் தெரியவில்லை. இதை நேற்றே ஒருத்தி பார்த்துவிட்டாள் என்று வயிற்றில் ஒரு முறை எரிந்தது. வெயில் லென்ஸில் பட்டு அவள் கன்னத்தில் ஒரு சின்ன வெளிச்சத் துண்டாக விழுந்து, அவள் மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கியது. பேனா முனை அவள் கண்ணுக்கு முன்னால், லென்ஸைத் தொடாமல், ஒரு நூல் இடைவெளியில் நின்றுகொண்டிருந்தது.